ஓலை கூறிய பின்: கம்பம் பள்ளத்தாக்கில் கிறித்தவ இல்லறமும் எதிர்நோக்கும்

கிறித்தவத் திருமணம் ஒன்று நடைபெறுவதற்கு முன், மணமக்களின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், பங்கு ஆகியவற்றைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அறிவித்து, இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கும்படி கேட்கும் வழக்கம் தமிழகத்தில் 'ஓலை கூறுதல்' அல்லது 'ஓலை வாசித்தல்' எனப்படுகிறது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இதைத் திருச்சபை முழுமைக்கும் பொதுவாக்கியது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் மூன்று முறை என்பதை உறுதி செய்தது. இன்று நடப்பிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1069ஆம் எண், தடை எதையேனும் அறிந்த இறைமக்கள் அனைவரும் அதைத் திருமணத்திற்கு முன்பே பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. ஆகவே, திருமணம் தொடங்கும்வரை ஊர் முழுவதும் அதற்குப் பொறுப்பாளியாக வைக்கப்படுகிறது. தாலி ஏறிய பின், வீட்டுக்குள் குடியும் கடனும் சந்தேகமும் அடியும் நுழையும்போது, அதே ஊர் 'அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கிறித்தவ இல்லறத்தின் துன்பங்களைப் பற்றியும், அவற்றினூடே விசுவாசம் செய்யக்கூடியதும் செய்யத் தவறியதும் பற்றியும் ஆராய முற்படும் எவரும் இந்த ஒதுக்கத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

விசுவாசம், எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றையும் கிறித்தவ மரபு இறையியல் நற்பண்புகள் என்று வகுக்கிறது. கத்தோலிக்கர் இன்று எதிர்நோக்கு என்று குறிப்பதைச் சீர்திருத்தச் சபையினர் நம்பிக்கை என்று வழங்குவர். எதிர்நோக்கு என்பது எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற மனநிலை மட்டுமன்று. 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினா அதற்கு நான்கு இலக்கணங்கள் வகுத்தார்: எதிர்நோக்கப்படுவது நன்மையாக இருக்க வேண்டும், இனி வரவேண்டியதாக இருக்க வேண்டும், அடைவதற்கு அரியதாக இருக்க வேண்டும், ஆயினும் அடைய இயல்வதாக இருக்க வேண்டும். இப்பண்புக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்றும் அவர் கண்டார். ஒன்று, இனி ஒன்றும் நடக்காது என்று கைவிடும் அவநம்பிக்கை. மற்றொன்று, நன்மைக்குரிய வழி எதிலும் காலெடுத்து வைக்காமலே கடவுள் அதைத் தந்துவிடுவார் என்று எண்ணும் மிஞ்சிய நம்பிக்கை. இல்லறத் துன்பத்தைப் பற்றிய கிறித்தவப் போதனையில் முதல் பாவம் அடிக்கடி கண்டிக்கப்படுகிறது. இரண்டாவது அரிதாகவே பேசப்படுகிறது. அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் 'பொறுத்துப் போ, கர்த்தர் அவரை மாற்றுவார்' என்று சொல்லி, வேறெதுவும் செய்யாமல் அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது எதிர்நோக்கின் குரலில் பேசும் மிஞ்சிய நம்பிக்கையாகும். இந்த வேறுபாடு தெளிவாகாதவரை, எத்தனை செபக்கூட்டம் நடத்தினாலும் குடும்பங்களுக்குக் கிட்டும் உதவி குறைவே.

மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிந்த தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 12,45,899. அவர்களில் கிறித்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர். எண்ணிக்கையில் சிறியதாயினும் வேரில் பழையது இச்சமூகம். இராயப்பன்பட்டியின் பனிமய மாதா ஆலயமும் அனுமந்தன்பட்டியின் தூய ஆவி ஆலயமும் பள்ளத்தாக்கின் கத்தோலிக்க வாழ்வுக்கு நடுநாயகமானவை. இப்பங்குகள் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சீர்திருத்தச் சபை மரபு 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் வழியே பெரியகுளத்தில் ஊன்றி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை – இராமநாதபுரம் திருமண்டலமாகத் தொடர்கிறது. இவற்றோடு சென்ற சில பத்தாண்டுகளில் பெருகிய பெந்தெகொஸ்தே சபைகளும் சுயாதீன செபவீடுகளும் சேர்ந்துள்ளன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை 1832இல் இங்கு கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுவதும் இம்மண்ணோடு கிறித்தவம் கலந்திருக்கும் விதத்தைக் காட்டும்.

பள்ளத்தாக்கின் இல்லறத்தைப் புரிந்துகொள்ள அதன் வேலை நேரத்தைப் பார்க்க வேண்டும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் பாசனத்தைத் தந்தபின் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைந்த வயல்கள் ஒருபுறம். மேற்கே மலையேறினால் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் மறுபுறம். கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியாகத் தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிப் போய்த் திரும்புவோரில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது விடியுமுன் சமைத்துத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு கிளம்பி, காய் எடுத்து, களை வெட்டி, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பெண்ணின் கூலியே பல வீடுகளில் நிலையான வருமானம். குழுக்கடனின் வாரத் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்தக் கூலியிலிருந்தே போகின்றன. 2011 இறுதியில் அணைப் பிரச்சினை முற்றித் தமிழகத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்குப் போகமுடியாமல் போனபோதும், 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் எல்லை மூடப்பட்டபோதும் இந்த வருமானம் ஒரேயடியாக நின்றது. வெளியே சம்பாதிப்பவள் மனைவி, வீட்டில் அதிகாரம் செலுத்துபவர் கணவர் என்ற ஏற்பாடு நெடுநாள் உரசலின்றி ஓடுவதில்லை. அவள் யாரோடு ஜீப்பில் போகிறாள், யாரிடம் சிரித்துப் பேசினாள் என்ற கேள்விகள் அந்த உரசலிலிருந்தே பிறக்கின்றன. மதுவின் சில்லறை விற்பனையை 2003இல் அரசே டாஸ்மாக் நிறுவனத்தின் வழியாக எடுத்துக்கொண்ட பின், அந்தக் கேள்விகளுக்குக் குடியின் துணையும் எளிதில் கிடைக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். ஞானஸ்நானம் இந்தக் கணக்கிலிருந்து எவரையும் விலக்கிவிடுவதில்லை.

இந்தப் பின்னணியில் ஓலைக்குத் திரும்பினால், அது எதைத் தடுக்கிறது, எதை நழுவவிடுகிறது என்பது விளங்கும். திருச்சபைச் சட்டத்தின் 1091ஆம் எண் கிளைவழி உறவில் நான்காம் படிவரை திருமணத்தைத் தடை செய்கிறது. மாமன் மகளும் அத்தை மகனும் நான்காம் படி. அக்காள் மகள் மூன்றாம் படி. 'முறை' என்று தமிழ்ச் சமூகம் உரிமையோடு கொண்டாடும் அதே உறவு இங்கே தடையாக எழுதப்பட்டிருப்பதால், ஆயரிடம் விதிவிலக்குப் பெற்ற பின்பே அத்தகைய திருமணம் நடைபெறுகிறது. இரத்த உறவைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஓலை தேவையில்லை. யார் யாருக்கு என்ன முறை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால், மாப்பிள்ளைக்கு இருக்கும் தீராத குடிப்பழக்கமோ, முந்தைய கடனோ, பெண் வேறொருவரை விரும்பியிருக்க அச்சுறுத்தி இசைய வைத்ததோ ஊருக்குத் தெரிந்திருந்தும் மூன்று ஞாயிறும் மௌனத்தில் கழிகின்றன. குடிப்பழக்கம் சட்ட நுணுக்கப்படி 'தடை' அன்று என்பது உண்மையே. எனினும், கூட்டு வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு குறையை இசைவு பெறும் பொருட்டு ஏமாற்றி மறைத்தால் அத்திருமணம் செல்லாது என்று 1098ஆம் எண்ணும், வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெற்ற இசைவு செல்லாது என்று 1103ஆம் எண்ணும் கூறுகின்றன. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் இசைவே, வேறெந்த மனித ஆற்றலும் அதற்கு ஈடாகாது என்று 1057ஆம் எண் சொல்லியிருக்க, அந்த இசைவு எப்படிப் பெறப்பட்டது என்பதை அறிந்தவர்கள் வாய்மூடி இருப்பது சிறிய பிழையன்று. பின்னாளில் அந்தப் பெண் துன்புறும்போது 'நீ பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தாயே' என்று நினைவூட்டும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பது நேர்மையான கேள்வி.

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் திருமணம் என்றுமே தனிப்பட்ட விவகாரமாக இருந்ததில்லை. சேசு சபையினரின் பழைய மதுரை மிஷனின் புகழ்பெற்ற மறைசாட்சியம் ஒரு மணவாழ்வுச் சிக்கலிலிருந்தே எழுந்தது. மறவர் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் கிறித்தவராக விரும்பியபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்ற நிபந்தனையை அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ விதித்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் முறையிட, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறிக்காக ஓர் உயிர் போயிற்று என்பதில் ஐயமில்லை; அந்நெறி பெண்களுக்குத் தந்த பாதுகாப்பும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் இந்த வரலாறு சொல்லப்படும்போதெல்லாம் விலக்கப்பட்ட பெண் பழிதீர்த்தவளாகவே தோன்றுகிறாள். அவள் இழந்தது என்ன, அவள் மனம் பட்டது என்ன என்பது மறையுரைகளில் இடம்பெறுவதில்லை. உயரிய நெறி ஒன்றைக் காப்பாற்றும் வேளையில் அதன் விலையைச் செலுத்தியவர்களை மறந்துவிடும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்த நூற்றாண்டின் பெரிய விவாதம் தாலியைப் பற்றியது. உள்ளூர் வழக்கங்களைக் கிறித்தவர் கைக்கொள்ளலாமா என்பது பற்றிய, மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட பிணக்கில், திருத்தந்தையின் தூதராக வந்த துர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறித்தவப் பெண்கள் அணியலாகாது, அதற்குப் பதில் சிலுவையோ இயேசு, மரியாவின் உருவமோ பொறித்ததை அணியலாம் என்றது. 108 இழைகளால் திரித்து மஞ்சள் பூசிய கயிற்றையும் விலக்கியது. தாலி இன்றும் தமிழ்க் கிறித்தவர் கழுத்தில் சிலுவை, புறா, விவிலியம் முதலிய வடிவங்களோடு குருவால் மந்திரிக்கப்பட்டு ஏறுவது அந்த விவாதத்தின் நேரடி விளைவு. அதே ஆணை பருவமெய்தாச் சிறார்க்கு மணம் முடிப்பதையும் எதிர்த்தது; மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதையும் கண்டித்தது. இவ்விரண்டும் பெண்ணின் உடலையும் உரிமையையும் பற்றியவை. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கும்வரை நாற்பது ஆண்டுகள் நீடித்த இப்பிணக்கில் தாலியின் உருவமே எல்லோர் நினைவிலும் நின்றது. மற்ற இரண்டும் அடிக்குறிப்பாகிவிட்டன.

இக்காலத்தில்தான் வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றினார். 3,600க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தின் தலைவன் ஒரு கணவன், அதாவது வளன் என்று தமிழ்ப்பெயர் சூட்டப்பட்ட புனித சூசையப்பர். மரியா கருவுற்றிருப்பதை அறிந்து உள்ளம் கலங்கினாலும், அவளை ஊரறிய இழிவுபடுத்த விரும்பாதவராக மத்தேயு நற்செய்தி அவரைக் காட்டுகிறது. மனைவியின் மேல் சந்தேகம் எழுந்த வேளையிலும் அவள் மானத்தைக் காப்பது கணவனின் கடமை என்ற இந்தச் செய்தி, ஜீப்பேறி வேலைக்குப் போகும் பெண்கள் வாழும் பள்ளத்தாக்கில் மார்ச் 19 சூசையப்பர் திருநாளன்று உரக்கச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. சூசையப்பரைத் தொழிலாளியாகவும் நல்ல மரணத்தின் பாதுகாவலராகவும் போற்றுவதோடு பல இடங்களில் மறையுரை நின்றுவிடுகிறது.

பெரியகுளத்தின் சீர்திருத்தச் சபை வரலாற்றிலும் இங்கு நினைக்கத்தக்க ஒரு குடும்பம் உண்டு. டேவிட் கோய்ட் ஸ்கடர் என்ற இளம் அமெரிக்க மறைப்பணியாளர் 1861இல் ஹேரியட் டட்டனை மணந்து அந்த ஆண்டே மதுரைப் பகுதிக்கு வந்து பெரியகுளத்தில் பணியாற்றினார். அதே ஆண்டு டிசம்பரில் மதுரையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 1862 நவம்பரில் வெள்ளம் புரண்ட ஆற்றைக் கடக்க முயன்ற ஸ்கடர் நீரில் மூழ்கி இறந்தார். மணவாழ்வு இரண்டாண்டுகளைக்கூட எட்டவில்லை. கைக்குழந்தையோடு பாஸ்டன் திரும்பிய அந்தக் கைம்பெண்ணை அவருடைய குடும்பம் தாங்கியது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் வெல்லெஸ்லி கல்லூரியின் இலக்கியப் பேராசிரியராகி, கிறித்தவ சமவுடைமைச் சிந்தனையாளராக அறியப்பட்ட வைடா டட்டன் ஸ்கடர். 1912இல் லாரன்ஸ் நகர நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் பக்கம் நின்று பேசியவர். விதவைத் தாய் வளர்த்த மகளுக்கு விசுவாசம் தொழிலாளியின் கூலியைப் பற்றிய கேள்வியாக விரிந்தது. இதே காலத்தில் தமிழ் நாட்டின் பல சமூகங்களில் இருபது வயதுக் கைம்பெண்ணுக்கு வாழ்வே முடிந்துபோனதாகக் கருதப்பட்டது. அந்த வேறுபாட்டுக்கு ஹேரியட்டின் தனி மனஉறுதி ஒரு பாதி. அவரைச் சூழ நின்றவர்கள் மறுபாதி.

சட்டத்தின் வரலாறு இன்னும் கசப்பானது. 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டத்தின்கீழ் மனைவியின் பிறழ்ச்சி ஒன்றை மட்டும் காட்டியே கணவர் மணமுறிவு பெற முடிந்தது. மனைவியோ பெரும்பாலும் கணவரின் பிறழ்ச்சியோடு கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடுதலையோ வேறொரு கடுங்குற்றத்தையோ சேர்த்தே நிறுவ வேண்டியிருந்தது. வெறும் கொடுமை, வெறும் கைவிடுதல் ஆகியவை அவளுக்குப் போதவில்லை. 132 ஆண்டுகள் இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தது. கேரள உயர்நீதிமன்றம் 1995இல் இதன் சில பகுதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இருபாலர்க்கும் ஒரே காரணங்களை வைத்ததோடு, இருவரும் இசைந்து மணமுறிவு பெறும் வழியையும் திறந்தது. இதற்கிடையில் இன்னொரு குழப்பம் கிறித்தவக் குடும்பங்களை வருத்திவந்தது. திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தைத் 'தொடக்கத்திலிருந்தே செல்லாதது' என்று அறிவித்தால் அரசுச் சட்டத்தின் முன்னும் விடுதலை கிடைத்துவிட்டது என்று கருதி மறுமணம் செய்தோர் சிக்கலுக்கு உள்ளாயினர். உச்ச நீதிமன்றம் 1996இலும், மீண்டும் 2017இலும், திருச்சபையின் அத்தகைய தீர்ப்புக்கு அரசுச் சட்டத்தில் மணமுறிவுக்குரிய வலு இல்லை என்று தெளிவுபடுத்தியது. கோயிலின் தீர்ப்பு ஒன்று, நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறொன்று. இரண்டையும் தனித்தனியே பெற வேண்டும் என்பதைத் திருமணத் தயாரிப்புப் பயிற்சியிலேயே சொல்லிவிட்டால் பின்னாளின் அலைச்சல் பாதி குறையும்.

கத்தோலிக்கத் திருமணம் முறிக்கவொண்ணாதது என்ற போதனையை அறிந்த அளவுக்கு, அதே சட்டத் தொகுப்பு பிரிந்து வாழ்வதற்கு இடம் தந்திருப்பதை மக்கள் அறிந்திருக்கவில்லை. 1153ஆம் எண்ணின்படி, துணைவரில் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ உள்ளத்திலோ கடும் ஆபத்து விளைவித்தால், அல்லது கூட்டு வாழ்வைத் தாங்கவொண்ணாததாக ஆக்கினால், பிரிந்து செல்ல மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு. ஆயரின் ஆணையோடு பிரியலாம், காத்திருப்பதே ஆபத்து என்றால் தாமாகவே பிரியலாம். 'தாமாகவே' என்ற இந்த இடமே மிக முக்கியமானது. இரவில் அடிபட்டு ஓடும் பெண் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று திருச்சபையின் சட்டமே சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடல், பிரிவு தவிர்க்க முடியாததாக, சில வேளைகளில் அறநெறிப்படி தேவையானதாகவே ஆகிவிடும் என்று தன் 241ஆம் பத்தியில் ஒப்புக்கொள்கிறது. அவரே 2015இல் செல்லாமை வழக்குகளின் நடைமுறையை எளிதாக்கி, இரண்டாம் தீர்ப்பாயத்தின் கட்டாய உறுதிப்பாட்டை நீக்கினார்.

மறையுரைகளில் இல்லறப் பெண்ணுக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்படும் விவிலிய மாந்தர்களின் பட்டியலிலும் ஒரு குறை உண்டு. எபேசியர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவியர் கணவருக்குப் பணிதல் பற்றிய பகுதி அடிக்கடி வாசிக்கப்பட்டு, அதற்கு முந்திய வசனம் இருவரும் ஒருவர்க்கொருவர் பணிய வேண்டும் என்று தொடங்குவது நழுவவிடப்படுகிறது. மலாக்கி இறைவாக்கினரின் இரண்டாம் அதிகாரத்தில் மணமுறிவைக் கண்டிக்கும் வசனம் மேற்கோளாகிறது. அதே வசனம் வன்முறையையும் கண்டிப்பது விடுபடுகிறது. சாமுவேல் முதல் நூலின் 25ஆம் அதிகாரத்து அபிகாயிலோ அரிதாகவே பேசப்படுகிறார். அவர் கணவர் நாபால் செல்வர், முரடர், பெருங்குடியர். தாவீதின் ஆட்களை அவர் அவமதித்து வீட்டின்மேல் பழி வரவழைத்துக்கொண்டபோது, அபிகாயில் கணவரிடம் சொல்லாமலே அப்பமும் திராட்சை இரசமும் உணவுப்பொருள்களும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போய்த் தாவீதைச் சந்தித்து, குடும்பத்தின் உயிர்களைக் காத்தார். திரும்பி வந்தபோது நாபால் குடித்து மயங்கிக் கிடந்ததால் அன்றிரவு ஒன்றும் பேசாமல், போதை தெளிந்த பின் காலையில் எல்லாவற்றையும் சொன்னார். குடிகாரரோடு வாழ நேர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கடைசி விவரம் எவ்வளவு நிதானமான அறிவிலிருந்து வருகிறது என்பது தெரியும். விவிலியம் அவரை அடங்காதவர் என்று இகழவில்லை. நல்லறிவு உடையவர் என்று போற்றுகிறது.

இத்தனையும் சொல்வதால் செபமும் பொறுமையும் வீண் என்றாகாது. பள்ளத்தாக்கின் பெண்கள் உபவாச செபத்தில் கண்ணீர் விடுவதும், மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றி முழந்தாளில் நிற்பதும், சாட்சிக் கூட்டத்தில் எழுந்து 'குடியை விட்டுட்டாரு, குடும்பம் பொழைச்சிருச்சு' என்று சொல்வதும் அவர்களின் உயிர்மூச்சு. அவற்றை மேலிருந்து பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: தன் துன்பத்தைப் பெயர் சொல்லி வெளியிட அவளுக்கு வேறு மேடை கிடைத்ததே இல்லை. வீட்டிலும் சாதிக் கூட்டத்திலும் பேச இயலாதவள் செபக்கூட்டத்தில் ஒலிபெருக்கி பிடித்துப் பேசுகிறாள். கணவன் திருந்திய குடும்பங்களும் மெய்யாகவே உண்டு. மன்னிப்புக் கேட்டவரும் மன்னித்தவளுமாகப் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தோர் பங்குதோறும் இருக்கிறார்கள். குடியிலிருந்து மீள்வோர் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களும், அவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுக்களும் இந்த அனுபவத்தை வேறொரு மொழியில் சொல்கின்றன: குடிப்பவரை மற்றவர் திருத்த முடியாது, ஆனால் மற்றவர் தம்மைக் காத்துக்கொள்ள முடியும். சிக்கல், சாட்சிக் கூட்டத்தில் எதைச் சொல்லலாம் என்ற எழுதப்படாத விதியில் இருக்கிறது. திருந்திய கணவனின் கதைக்கு அல்லேலூயா கிடைக்கிறது. திருந்தாதவரோடு போராடி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு வந்து, ஏலத்தோட்டக் கூலியில் அவர்களைப் படிக்க வைப்பவளுக்கு எழுந்து நிற்க இடமில்லை. அவள் விசுவாசத்தில் ஏதோ குறை இருந்ததாகவே பார்வைகள் பேசுகின்றன. தோமா அக்குவினாவின் நான்கு இலக்கணங்களையும் வைத்துப் பார்த்தால், நன்மையை நாடி, அரிதென்று அறிந்தே, இயலும் என்று துணிந்து நடப்பவள் அவள்தான்.

2025ஆம் ஆண்டைக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. யூபிலி என்பது விவிலியத்தில் அடிமைப்பட்டோர் விடுதலையாகி, இழந்த நிலம் மீண்ட ஆண்டு. ஆகவே அது தொடக்கத்திலிருந்தே ஊர் சேர்ந்து செய்யும் செயலைக் குறித்தது. பங்கின் தெருவாரியான சிறு குழுக்களான அன்பியங்களும், தென்னிந்தியத் திருச்சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கங்களும் இந்த ஊர்ச்செயலுக்கு ஏற்ற அமைப்புகள். பத்துப் பதினைந்து வீடுகளைச் சேர்ந்தவர்கள் கூடும் இடத்தில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது மறைவதில்லை. திருமண ஓலை வாசிக்கப்பட்டபோது கேட்டிருந்த அதே முகங்கள் அவை. அடி விழும் வீட்டுக்கு இரண்டு பேராகப் போய் நிற்பதும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் மனு எழுதித் தருவதும், 181 என்ற மகளிர் உதவி எண்ணைத் திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் மணமக்கள் இருவருக்கும் சொல்வதும், கணவரைக் குடி மீட்பு மையத்துக்குக் கூட்டிச் செல்லும் நாள்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு நடந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அன்பியத்தால் இயலாத பெருங்காரியங்கள் அல்ல. 1153ஆம் எண்ணை ஒரு ஞாயிறு மறையுரையில் விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இவற்றையெல்லாம் தடுக்கும் ஒரு நடைமுறைக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கூட்டங்கள் நடைபெறும் நேரத்தை வகுப்பவர்கள் பெரும்பாலும் மலைக்குப் போகாதவர்கள். மாலை ஐந்து மணிக்கு அன்பியச் செபம் என்றால், அந்த நேரத்தில் குமுளி மலைப்பாதையில் ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அதில் இடமில்லை. சனிக்கிழமை பகலில் நடக்கும் குடும்ப ஆலோசனை முகாம் அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு, கோயில் வளாகத்திலேயே, பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு அமரக்கூடிய ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் இருவர் இருவராகப் பேசக் கற்ற அன்பிய நிர்வாகிகளை அமர்த்துவதே பள்ளத்தாக்கின் வேலை நாளுக்குப் பொருந்தும் ஏற்பாடு. ஓலை வாசிக்கப்படுவதும் அதே ஞாயிறுகளில்தான் என்பதால், திருமணம் முடிந்த முதலாண்டின் தம்பதிகளை அந்த ஒரு மணி நேரத்திற்குப் பெயர் சொல்லி அழைப்பது பங்குத்தந்தைக்குக் கடினமாகவும் இராது.